காய்ச்சலோடு கூட்டத்துக்கு வராதீங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டமைப்பின் தலைவி, செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும், திருக்கோவிலூரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் இருந்து காலையிலேயே பஸ் பிடித்து வந்திருக்கிற ஊக்குநர்களுக்கும், பிரதிநிதிகளுக்கும், மடியில் பிள்ளையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற தங்கச்சிகளுக்கும் என் வணக்கம்.

என்னை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். "நர்ஸம்மா"ன்னு தான் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்கு ஊசி போட்டு அழ வைத்தவள் நான். அந்தப் பிள்ளைகள் இன்றைக்குக் கல்லூரிக்குப் போகிறார்கள். தலைவி அம்மா என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "ஏதாவது நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார்கள். நல்லதாகச் சொல்வதைவிட, நான் செய்த ஒரு தப்பைச் சொன்னால் உங்களுக்கு அதிகம் பயன்படும் என்று எனக்குத் தோன்றியது. அதனால் அதையே சொல்கிறேன். முடிவில் உங்களிடம் ஒரு கோரிக்கையும் வைப்பேன்.

2009ஆம் வருஷம் நினைவிருக்கிறதா? அப்போது நாம் விழுப்புரம் மாவட்டம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில்தான். அந்த 2009 ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் ஒரு புதுக் காய்ச்சலைக் கண்டுபிடித்தார்கள். மே மாதம் விமானத்தில் வந்த ஒருவர் மூலமாக அது ஹைதராபாத்தில் தெரிந்தது. ஜூன் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அதை உலகம் தழுவிய தொற்று என்று அறிவித்தது. ஆகஸ்ட் 3ஆம் தேதி புனேயில் பதினாலு வயதுப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி இறந்தாள். இந்தியாவில் முதல் சாவு அதுதான். அடுத்த ஒரு வாரத்துக்குள் சென்னையில் நாலு வயதுக் குழந்தை. டி.வி.யில் எந்நேரமும் அதே செய்தி. சென்னையில் ஜனங்கள் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

நம்ம பக்கம் என்ன நினைத்தோம்? "அது பட்டணத்து நோவு, பிளேன்ல வர்றவங்களுக்குத்தான்" என்று நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நம்ம ஊருக்கு பிளேன் வர வேண்டியதில்லையே. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் போதாதா?

அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 17. அதற்கு அடுத்த வாரம் ஒரு குழுவின் கூட்டம். ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் சொல்ல மாட்டேன், அவர்களில் சிலர் இங்கேயே இருக்கலாம். ஒரு வீட்டுத் திண்ணை. பதினாறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்ததால் சாரல் அடிக்காமல் இருக்கப் படுதாவையும் இறக்கி விட்டிருந்தார்கள். நான் கர்ப்பிணிப் பதிவுக்காகப் போயிருந்தேன். ஏழு மாதக் கர்ப்பிணியான ஒரு தங்கச்சி ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்து இருமிக்கொண்டே இருந்தாள். கண் சிவந்திருந்தது. "உடம்பெல்லாம் அடிச்சிப் போட்ட மாதிரி வலிக்குது நர்ஸம்மா" என்றாள். தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. "இப்படி இருக்கும்போது ஏம்மா வந்தே?" என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: "வரலன்னா அம்பது ரூபா அபராதம். போன வாரமும் வரல. மூணு வாட்டி வரலன்னா அடுத்த கடன் கிடையாதுன்னு எழுதி வச்சிருக்காங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? பையில் இருந்து பாராசிட்டமால் மாத்திரை நாலு எடுத்துக் கொடுத்தேன். "சளிக் காய்ச்சல்தான், மூணு நாள்ல போயிடும், கஞ்சி குடி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டேன். புருஷன் எங்கிருந்து வந்தான், அவனுக்கு இருமல் இருந்ததா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் போய்ப் பார்க்கவும் இல்லை. அதுதான் என் தப்பு.

அந்த வாரத்துக்குள் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களில் எட்டுப் பேருக்குக் காய்ச்சல். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் காய்ச்சல். ஒரு மாமியார் மட்டும் நடமாடிக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் இல்ல, இந்த வயசுப் பொண்ணுங்களுக்கு என்னா கேடு" என்று திட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தங்கச்சிக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் குறைந்த மாதிரி இருந்ததாம். நாலாம் நாள் ராத்திரி மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஐந்தாம் நாள் விடியற்காலையில் ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது.

மீதியைச் சொல்வதற்கு முன், இந்தக் கிருமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏன் கர்ப்பிணியைத் தாக்கியது, ஏன் மாமியாரை விட்டது, ஏன் நாலாம் நாள் மோசமானது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இன்ஃப்ளுயன்சா கிருமிக்குள் எட்டுத் துண்டுகள் உண்டு. எட்டுத் துணித்துண்டு சேர்த்துத் தைத்த மெத்தை உறை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மனுஷருக்கு வரும் கிருமி, பறவைக்கு வரும் கிருமி, பன்றிக்கு வரும் கிருமி என்று பல வகை. பன்றியின் உடம்பில் இவை மூன்றும் நுழைய முடியும். ஒரே பன்றிக்குள் இரண்டு வகை ஒன்றாகப் போய்ச் சேர்ந்தால், துண்டுகள் கலந்து புதிதாக ஒரு உறை தைத்த மாதிரி புதுக் கிருமி வெளியே வரும். 2009இல் வந்தது அப்படிப் பல காலமாகக் கலந்து கலந்து உருவான கிருமி. அதனால் நம் உடம்புக்கு அதை அடையாளம் தெரியவில்லை.

எச்1என்1 என்கிறார்களே, அதில் எச் என்பது சாவி. நம் மூக்கு, தொண்டை, நுரையீரலில் இருக்கும் செல்லின் கதவைத் திறந்து உள்ளே போக அது உதவும். உள்ளே போன கிருமி ஒன்று ஆயிரக்கணக்கில் பெருகும். பெருகியவை வெளியே வர வேண்டும் அல்லவா? அதற்குக் கத்தரிக்கோல் என். டாமிஃப்ளூ என்ற மாத்திரை அந்தக் கத்தரிக்கோலை மழுங்க வைக்கிறது. கிருமி பெருகுவது முதல் இரண்டு மூன்று நாளில்தான் அதிகம். அதனால்தான் அந்த மாத்திரையை இரண்டு நாளுக்குள், அதாவது 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம் என்கிறார்கள். கர்ப்பிணிக்கும், மூச்சு வாங்கும் நோயாளிக்கும் நாள் கடந்திருந்தாலும் கொடுப்பார்கள். ஆனால் நாமாகக் கடையில் வாங்கிப் போடக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எப்படிப் பரவுகிறது? இருமினால், தும்மினால், சத்தமாகப் பேசினால் தெறிக்கும் துளிகளில். ஓரிரு முழ தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நேராகப் போகும். காற்றோட்டம் இல்லாத அறையில் இன்னும் சுலபம். மூக்கைத் துடைத்த கையால் தொட்ட குழாய், கதவுப்பிடி, பேனா இவற்றிலும் சில மணி நேரம் உயிரோடு இருக்கும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட ஒரே பேனாவைப் பதினாறு பேர் பிடிக்கிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். கிருமி உள்ளே போன ஒன்று முதல் நாலு நாளுக்குள் காய்ச்சல் வரும். இதில் மோசமான விஷயம் என்னவென்றால், காய்ச்சல் வருவதற்கு ஒரு நாள் முன்பே அடுத்தவருக்குப் பரவ ஆரம்பித்துவிடும். வந்த பிறகு ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவும். சின்னப் பிள்ளைகளிடம் இருந்து இன்னும் சில நாள் கூடுதலாக.

அடையாளம்: திடீரென்று காய்ச்சல், வறட்டு இருமல், தொண்டை வலி, மூக்கில் நீர், தலைவலி, உடம்பெல்லாம் வலி, அசதி. சிலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கும் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் தானாகவே சரியாகும், இருமல் மட்டும் இரண்டு வாரம் இழுக்கும். அந்த எட்டுப் பேரும் அப்படித்தான் பிழைத்தார்கள். அவர்களைப் பார்த்து, "எல்லாருக்கும் வந்துச்சு, போச்சு, இவளுக்கும் போயிடும்" என்று நினைத்ததுதான் ஆபத்தாகப் போனது.

மருத்துவத் துறை இதை மூன்றாகப் பிரித்துச் சொன்னது. முதல் வகை, லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி. பரிசோதனை வேண்டாம், அந்த மாத்திரை வேண்டாம். வீட்டில் தனியாகப் படுத்து ஓய்வு எடுக்க வேண்டும். ஆனால் ஒரு நாள், இரண்டு நாள் கழித்துக் கட்டாயம் மறுபடி பார்க்க வேண்டும். இரண்டாம் வகை, காய்ச்சல் கடுமையாக இருப்பவர்கள். அதோடு, காய்ச்சல் லேசாக இருந்தாலும் இந்த வகையில் சேர்க்க வேண்டியவர்கள் உண்டு: கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள், 65 வயது தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். இவர்களுக்குப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் டாக்டர் மாத்திரை கொடுக்கலாம். மூன்றாம் வகை, மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, மயக்கம், சளியில் ரத்தம், நகமோ உதடோ நீலமாவது. இவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

என் தங்கச்சி முதல் நாளே இரண்டாம் வகை. நான் அவளை முதல் வகையாக வைத்துவிட்டேன். அந்த முதல் வகைக்குக்கூட மறுநாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறதே, அதையும் செய்யவில்லை.

கர்ப்பிணிக்கு ஏன் ஆபத்து? பிள்ளை வளர வளர வயிறு மேலே ஏறி நுரையீரல் விரிய இடம் குறைகிறது. பிள்ளையையும் சேர்த்துக் காக்க வேண்டியிருப்பதால் உடம்பின் எதிர்ப்பும் மாறியிருக்கிறது. மாமியாருக்கு ஏன் வரவில்லை? பல வருஷம் முன்பு இதே மாதிரி ஒரு கிருமியை அந்த வயதுக்காரர்களின் உடம்பு பார்த்திருக்கிறது. அந்த ஞாபகம் கொஞ்சம் காப்பாற்றியது. 2009இல் இறந்தவர்களில் நிறையப் பேர் இளவயதும் நடுவயதும்தான். அதற்காக வயதானவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள். வந்துவிட்டால் அவர்களுக்கும் ஆபத்துதான்.

சரி, மீதிக் கதை. அன்றைக்கு விடியற்காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போவதற்குள் தெருவே கூடியிருந்தது, ஆனால் தள்ளி நின்றது. "பன்னிக் காய்ச்சல்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஆட்டோக்காரர் வர மறுத்துவிட்டார். சொந்தக்காரர்கள் வாசலிலேயே நின்றார்கள். உள்ளே போனவர்கள் இரண்டு பேர், குழுவின் ஊக்குநரும் பொருளாளரும். பொருளாளர் அக்கா வீட்டுக்கு ஓடிப் போய் சேமிப்புப் பெட்டியைத் திறந்து மூவாயிரம் ரூபாயை எண்ணி எடுத்துக்கொண்டு வந்தார். விண்ணப்பம் இல்லை, தீர்மானம் இல்லை. "எழுதறத அப்புறம் எழுதிக்கலாம், ஆள் இருந்தாத்தானே கையெழுத்து வாங்க முடியும்" என்றார். 108க்குப் போன் பண்ணினோம். வாய் மூக்கை முந்தானையால் கட்டிக்கொண்டு அந்த இரண்டு பேரும் நானும் கூடப் போனோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தார்கள். பரிசோதனையில் எச்1என்1 என்று வந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்த ஒன்பது நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. பிழைத்தாள். பிள்ளை மாதம் நிறைந்து பிறந்தது. அந்தப் பிள்ளைக்கு முதல் தடுப்பூசி போடும்போது என் கை நடுங்கியது.

எல்லாரும் அவளைப் போல் பிழைக்கவில்லை. 2009இல் மட்டும் இந்தியாவில் பரிசோதனையில் உறுதியானவர்கள் ஏறத்தாழ 27,000 பேர், இறந்தவர்கள் 981 பேர். 2010 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம் தொற்று முடிந்தது என்று சொல்லிவிட்டது. ஆனால் கிருமி போகவில்லை. வருஷாவருஷம் வரும் சாதாரணக் காய்ச்சல்களோடு அதுவும் ஒன்றாகத் தங்கிவிட்டது. 2015இல் மறுபடி பெரிதாக வந்து இந்தியாவில் சுமார் 3,000 பேரைக் கொண்டுபோனது. இதற்கெல்லாம் முன்னால் 1918இல் வந்த காய்ச்சலும் இதே எச்1என்1 குடும்பம்தான். அது பம்பாய் துறைமுகத்தில் இறங்கி, ரயில் பாதை வழியாக ஊர் ஊராகப் போனது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் இறந்தார்கள். கிருமி தானாக நடப்பதில்லை. அன்றைக்கு ரயிலில் போனது, 2009இல் விமானத்தில் வந்தது, நம் ஊருக்குத் தீபாவளி பஸ்ஸில் வந்தது, திண்ணைக்கு நம் கூட்டத்தோடு வந்தது.

இன்னொருத்தர் கதையும் சொல்ல வேண்டும். அதே குழுவில் ஒரு அக்கா, கடன் வாங்கிப் பன்றி வளர்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. ஆனால் ஊர் அவர் பக்கம் திரும்பிவிட்டது. "உன் பன்னியாலதான்" என்றார்கள். தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை. வந்த விலைக்குப் பன்றிகளை விற்றார், கடன் தவணை நாலு மாதம் நின்றது. உண்மை என்ன? அந்தக் கிருமி அப்போது மனுஷரிடம் இருந்து மனுஷருக்குப் பரவிக்கொண்டிருந்தது. நன்றாக வேக வைத்த பன்றிக்கறியால் வராது. இந்தப் பெயர் தப்பான எண்ணத்தைக் கொடுக்கிறது என்றுதான் உலக சுகாதார நிறுவனமே 2009 ஏப்ரல் கடைசியில் அந்தப் பெயரைச் சொல்வதை நிறுத்தியது. நாம் நிறுத்தவில்லை. கொரோனா காலத்திலும் வெளியூரில் இருந்து வந்தவர்களை இப்படித்தானே பார்த்தோம்? பழி சொல்லப் பயந்தே நோயை மறைப்பார்கள். மறைத்தால் நாள் போகும். இந்த நோயில் நாள் போவதுதான் ஆபத்து.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். அந்தத் தங்கச்சி ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு, அந்தக் குழு ஒரு கூட்டம் போட்டது. திண்ணையில் இல்லை, வேப்பமரத்தடியில், தள்ளித் தள்ளி உட்கார்ந்து. "காய்ச்சல், இருமல் உள்ளவர் கூட்டத்துக்கு வர வேண்டாம், அபராதம் இல்லை, சேமிப்பையும் தவணையையும் பக்கத்து வீட்டார் மூலம் அனுப்பலாம்" என்று எழுதலாமா என்று பேசினார்கள். எல்லாரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஊக்குநரே எதிர்த்தார். "அபராதம் இல்லன்னா ஆளுக்கு ஆள் காய்ச்சல்னு சொல்லி டிமிக்கி குடுப்பாங்க. இந்த அபராதத்தாலதான் நம்ம குழு இத்தன வருஷம் நிக்குது" என்றார். அவர் சொன்னது தப்பில்லை. ஒழுங்கு இல்லாமல் குழு இல்லை, அது எனக்கும் தெரியும்.

அப்போது பொருளாளர் அக்கா கணக்குப் போட்டார். "அம்பது ரூபா அபராதத்துக்குப் பயந்து அவ வந்தா. எட்டு வீட்டுல ஒரு வாரம் கூலி போச்சு. ஆஸ்பத்திரிக்கு மூவாயிரம் போச்சு. நாலு பேரு தவணை நின்னு போச்சு. எது லாபம், நீங்களே சொல்லுங்க." யாரும் பேசவில்லை. தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். அதற்குப் பிறகு ஓரிருவர் பொய்க் காய்ச்சல் சொல்லியிருக்கலாம், இல்லை என்று சொல்ல மாட்டேன். குழு உடையவில்லை. 2020இல் கொரோனா வந்தபோது மற்ற குழுக்கள் என்ன செய்வது என்று தவித்த நேரத்தில், அவர்கள் பழைய புத்தகத்தின் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தக் கூட்டமைப்பில் உள்ள எல்லாக் குழுக்களும் அப்படி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மூன்றே மூன்று வரி:

ஒன்று, காய்ச்சலும் இருமலும் உள்ளவர் கூட்டத்துக்கு வர வேண்டாம். அபராதம் கிடையாது, வருகையும் குறையாது. காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆன பிறகு வரட்டும், இருமல் இருந்தால் இன்னும் சில நாள் பொறுக்கட்டும்.

இரண்டு, உறுப்பினர் வீட்டில் யாருக்காவது மூச்சு வாங்கினால், பொருளாளரும் இன்னும் ஒருவரும் சேர்ந்து அன்றைக்கே அவசரக் கடன் கொடுக்கலாம், எழுத்து வேலை பிறகு. 108 வண்டிக்குக் காசு இல்லை, ஆனால் கூட இருப்பவருக்குச் சாப்பாடு, பஸ் செலவு உண்டே.

மூன்று, காய்ச்சல் வந்த உறுப்பினர் வீட்டுக்கு ஒருவர் தினம் ஒரு தரம் போய் வாசலில் நின்று விசாரிக்க வேண்டும். பெரியவர் என்றால், மூச்சு விடாமல் ஒரு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். பிள்ளை என்றால், அது தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை அம்மாவை ஒரு நிமிஷம் எண்ணச் சொல்லுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஐம்பதும் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை நாற்பதும் அதற்கு மேலும் வந்தால் காத்திருக்க வேண்டாம். பால் குடிக்காத பிள்ளை, எழுப்பினால் எழாத பிள்ளை, வலிப்பு வந்த பிள்ளை, குறைந்த காய்ச்சல் திரும்ப ஏறிய ஆள், இவர்களையும் உடனே கொண்டுபோங்கள். கல்வராயன் மலைப் பக்கம் இருக்கும் சகோதரிகளுக்கு இன்னும் முன்கூட்டியே கிளம்பச் சொல்வேன், அவர்களுக்கு வழி நீளம்.

மற்றபடி வீட்டு வைத்தியமாகக் கஷாயம் குடியுங்கள், ரசம் குடியுங்கள், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் குடித்துக்கொண்டே நாலு நாள் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்று ஊசிக்கு அலையாதீர்கள். ஆன்டிபயாடிக் இந்தக் கிருமியைக் கொல்லாது. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், இருமும்போது முந்தானையையோ முழங்கை மடிப்பையோ வாயில் வையுங்கள், கூட்டத்தைத் திறந்த இடத்தில் போடுங்கள். இந்தக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது, கிருமி மாறுவதால் வருஷா வருஷம் போட வேண்டும். கர்ப்பிணிகளும் போடலாம். டாக்டரிடம் கேளுங்கள்.

நான் ஓய்வுபெற்றுவிட்டேன். இனி உங்கள் ஊருக்கு மாத்திரைப் பையோடு வர மாட்டேன். ஆனால் அந்தப் பை எட்டாத இடத்திலும் ஒரு சேமிப்புப் பெட்டியும், ஒரு தீர்மானப் புத்தகமும், பத்துப் பதினைந்து பெண்களும் இருக்கிறீர்கள். அன்றைக்கு அந்தத் தங்கச்சியைக் காப்பாற்றியது என் மாத்திரை இல்லை, நீங்கள்தான்.

அடுத்த கூட்டத்தில் அந்த மூன்று வரியை எழுதிவிடுங்கள். எழுதிவிட்டு, யார் வீட்டில் யார் இருமுகிறார்கள் என்று ஒரு தரம் கேளுங்கள்.